சவிரியைக் காப்பாற்றிய விதம்

நீங்கள் கதவைத் தட்டியபோது சவிரி ஒரு கையால் வெளிச்சவீட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான், சார்ஜன்ட். அவன் விரல்களுக்கு மை போட்டு முடிக்காமல் எழுந்து வர எனக்கு மனம் வரவில்லை. உங்களை வெயிலில் நிற்க வைத்ததற்கு மன்னியுங்கள். வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்கள் கேட்டபடி இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

சுக்கான் சவிரியை உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடமாக ஞாயிற்றுப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வரும் படக்கதை. கடலில் நடக்கிற களவையும் கடத்தலையும் துப்புத் துலக்குகிற படகோட்டி. கதை கொலின்ஸ், படம் நான். ‘சவிரி முறைத்தான்’ என்று இரண்டு சொல் எழுதித் தருவான் கொலின்ஸ். அந்த முறைப்பு எப்படி இருக்கும் என்று கண்டுபிடித்தவள் நான். குருநகரில் மூன்று படகுகளுக்குச் சவிரியின் பெயர் இருக்கிறது. கொலின்ஸின் பெயர் ஒன்றிலும் இல்லை.

கொழும்பில் ஏதோ இணையத் தொடருக்கு எழுத அவனைக் கூப்பிட்டார்கள். போகட்டும், அது அவன் உரிமை. ஆனால் போகுமுன் கடைசி அத்தியாயம் என்று ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். படகு ஓட்டையாகி, ஆறாவது கட்டத்தில் சவிரி மூழ்கிச் சாகிறான்.

“அவனைக் கரையிலை விட்டிட்டு நீர் போம். மிச்சத்தை நான் எழுதுறன்,” என்றேன்.

“நீர் எழுதினால் சவிரி கூழுக்கு நண்டு கழுவிக்கொண்டெல்லோ இருப்பான்,” என்று சிரித்தான். “என்ரை பிள்ளை, லவீனா. பெத்தவனே புதைக்கிறன். உமக்கென்ன?”

தகப்பன் வாயில் வருகிற பேச்சா இது? சட்டம் படித்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். பக்கத்து வீட்டு யசிந்தாவின் காதில் விழுந்த சண்டை அதுதான். “செத்தவனைப் பற்றி இனி என்ன கதை?” என்றுவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிப் பூசை முடிய, மாமனின் படகை எடுத்துக்கொண்டு தனியே கடலுக்குப் போவான். அங்கேதான் கதை வரும் என்பான். அவன் கோயிலில் இருந்த நேரம் படகடியில் என்னைக் கண்டதாக யசிந்தா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கண்டது உண்மை. படகின் அடியில் தண்ணீர் வடிய விடுகிற துளை ஒன்று உண்டு. அதன் அடைப்பை இளக்கிவிட்டேன். தண்ணீர் இறைக்கிற வாளியையும் எடுத்து வந்தேன். இப்போது அதில்தான் தூரிகை கழுவுகிறேன். தேவையென்றால் கொண்டுபோங்கள்.

படகு தாழ்வதைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, அதிலும் சவிரியை எழுதுகிறவன், நீந்தி வந்துவிடுவான் என்று நின்றார்கள். கொலின்ஸுக்கு நீந்தத் தெரியாது. வெட்கத்தில் ஊர் முழுக்க மறைத்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

மறுநாள் ஞாயிறு படக்கதை வந்தது. அதில் சவிரி சாகவில்லை. மூழ்குவது கண்ணாடி போட்ட, கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன். சவிரி தண்ணீருக்குள் அவனைத் தேடுகிறான். கண்ணாடி மட்டும் கையில் அகப்படுகிறது. அது கொலின்ஸின் முகம் என்று ஊருக்கே தெரிந்தது. பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்தார்கள்.

ஒரு உயிர் போனது, ஒரு உயிர் மிஞ்சியது. நான் கொலைகாரி என்றால், சவிரி எப்படி இன்றைக்கு உயிரோடு இருக்கிறான்?

நீங்கள் நல்ல மனிதர். சற்று முன் பேனாவை என் கையில் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்:

“அக்கா, வெள்ளிக்கிழமைச் சண்டையிலை ஆத்திரப்பட்டுச் செய்தது எண்டு எழுதுங்கோ. தண்டனை குறையும். அந்தப் படத்தைப் பாத்து என்ரை மனுசி அழுதவா. செத்த செய்தி கேட்டு, மனம் பொறுக்காமல் இரவோடிரவா இருந்து கீறினதுதானே?”

அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன், தம்பி. ஆத்திரத்தில் கை நடுங்கும். அந்தப் பக்கத்தில் நடுங்கிய கோடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். நடுப்பக்கம் வர்ணப் பக்கம், புதன்கிழமையே அச்சாகிவிடும். பத்திரிகையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்த ஞாயிறு தாள் விற்ற வேகத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. என் வீட்டிலிருந்து ஒட்டிய உறையை வாங்கி, மோட்டார் சைக்கிளில் அச்சகத்துக்குக் கொண்டுபோவது பதினொரு வருடமும் ஒரே ஆள்தான். வாசகரோடு சேர்ந்து ஞாயிறுதான் படம் பார்ப்பேன் என்பது அவனுடைய பிடிவாதம். ஒருநாளும் உறையைத் திறந்ததில்லை.

தான் மூழ்குகிற படத்தையும் கொலின்ஸ்தான் கொண்டுபோய்க் கொடுத்தான்.