தோளில் போட்ட இன்ட்டு

பெயர் சுப்பராயலு, வயது 49, தகப்பனார் பெயர் முனிரத்தினம், முகவரி கங்கையம்மன் கோயில் தெரு, சேலையூர், தாம்பரம் கிழக்கு. 12.8.1993 அன்று காவல் நிலையத்தில் நான் கொடுக்கும் வாக்குமூலம்:

எட்டாவதோடு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். தாம்பரம் ரயில் நிலையத்தருகே சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறேன். என் மகள் லோகநாயகி கையுறை தைக்கும் ஏற்றுமதி கம்பெனியில், சாய்மானமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்துவந்தாள். ஜூன் மாதம் கம்பெனி அதிகாரி வில்பிரட், தொழிலாளிகளுக்கு எங்கே வலி என்று சர்வே எடுப்பதாகச் சொல்லி, கேள்வித்தாளில் துணியில்லாத ஆண் உருவத்தை அச்சடித்து, ஒவ்வொரு பெண்ணையும் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, தன் எதிரிலேயே வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இன்ட்டு போடச் சொன்னார். அதன்பிறகு எல்லோருக்கும் தோள்வலி என்றும், குனிவதால்தான் என்றும் முடிவு செய்து மேஜைகளை உயர்த்தினார். ஸ்டூல்களை உயர்த்தவில்லை. அதன்பிறகு பெண்கள் ஸ்டூல் நுனியில் தொற்றிக்கொண்டு தைத்தார்கள். என் மகள் வீட்டில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

அதன்பிறகு அவள் சாய்மான நாற்காலி கேட்டதற்கு, தோளில் இன்ட்டு போட்டவள் இப்போது இடுப்புவலி என்று பொய் சொல்வதாகக் கூறி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் விசாரித்தபோது, "அந்தாளு எதிர்லயே குந்திகினு பாக்குறாரு. ஆம்பளை படத்துல இடுப்புல எப்டிப்பா இன்ட்டு போடறது? ஒருத்திகூட போடல" என்றாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். அவர், "இது சயின்டிஃபிக் சர்வே, உங்களுக்குப் புரியாது" என்றார். வாஸ்தவம், எனக்குப் புரியாதது நிறைய. அதன்பிறகு, "எங்க வலிக்குதுன்னே தெரியாத பொண்ண ஏன் வேலைக்கு அனுப்புறீங்க" என்றார். அதன்பிறகு நான் சட்டைப்பையிலிருந்த, டோக்கன் எழுதும் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அவர் பேண்டில் பின்னிடுப்புக்குக் கீழே இன்ட்டு போட்டேன். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றார். "பேண்டு போட்டுகினே உனக்குக் கூசுதே சார்" என்றேன். அடிக்கவில்லை. இன்ட்டும் கோணலாகத்தான் விழுந்தது. பள்ளிக்கூடத்திலும் எனக்குப் படம் வராது.

மகள் பொய் சொன்னதாக நான் எழுதிக்கொடுத்தால் என்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள். பேண்டுக்கு நான் பொறுப்பு. மன்னிப்பு வேண்டுமானால் இரண்டு தடவைகூடக் கேட்கிறேன். அதை மட்டும் எழுத மாட்டேன். ஒரு பெண்ணை வைத்து, தனி அறையில், படமில்லாமல், எங்கே வலி என்று வாயால் கேட்கட்டும். முதலில் என் மகளைக் கூப்பிடட்டும். அதுவரை என்மேல் கேஸ் நடக்கட்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) சுப்பராயலு