மொத்த எடை

நின்றுகொண்டே பேசுகிறேன், ஐயா. இந்த நாற்காலிக்கு என்னைத் தாங்குகிற தெம்பு இல்லை. எதைப் பார்த்தாலும் எவ்வளவு தாங்கும் என்று யோசிப்பது என் தொழில் புத்தி. டைல்ஸ் கிடங்கில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பவன் நான்.

லாரிக் கதவின் உட்புறம் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் போட்டிருப்பது மொத்த எடை. வண்டியின் சொந்த எடை, டீசல், ஓட்டுநர், பக்கத்தில் உட்காருகிறவர், சரக்கு எல்லாம் சேர்ந்தும் அதைத் தாண்டக் கூடாது. பதினாறு டன் என்று இருந்தால் அதில் வண்டியே ஆறு டன், மிச்சம்தான் சரக்கு. புதிதாக வருகிறவர்கள் பதினாறையும் ஏற்றச் சொல்வார்கள். உட்காரவைத்துப் புரியவைப்பேன். பொறுமைசாலி என்று எனக்குப் பெயர்.

என் அத்தான், அதாவது அக்கா புருஷன், இத்தனை நாள் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். போன மாதம்தான் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னை 'ஓவர்லோடு' என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் நான் சோபாவில் உட்காரும்போது, "பாத்து மச்சான், அவங்க சோபாவுக்கு இன்சூரன்ஸ் கிடையாது" என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எங்கள் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இடம் தட்டிப்போனது. இதற்கெல்லாம் மனசில் வன்மம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

முதல் சவாரிக்கு எங்கள் கிடங்குக்கே வந்தார். தகட்டைத் தட்டிக் காட்டினார்.

"பதினாறு டன்னு போட்டிருக்கான். முழுசா ஏத்து மச்சான்."

"முழுசாவா, அத்தான்?"

"நீ ஏறினாத்தான் தாங்காது. சரக்கு தாங்கும்."

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். கேட்காதவருக்குப் பாடம் எடுப்பது மரியாதையில்லை. ஏற்றச் சொன்னேன். பின்சக்கரத்து மேலிருந்த ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகின, டயர்கள் பிதுங்கின. மேஸ்திரி என் காதருகே, "ஆறு டன் அதிகம்ணே, வேணாம்" என்றார். "வண்டிக்காரரே கேக்குறாரு, நமக்கென்ன" என்றேன்.

வழி கேட்டார். சுற்றுப்பாதை சமதரை. மலை இறக்கம் குறுக்கு வழி. "மலை வழியா போங்க அத்தான், சீக்கிரம் போயிடலாம்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

கேட்டருகே அக்கா காத்திருந்தாள். புது வண்டியின் முதல் சவாரி, கூடப் போக ஆசை. பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, "நீயும் வாயேன்டா" என்றாள்.

"இவனா? வண்டி குடைசாஞ்சிரும்டீ" என்றார் அத்தான்.

அவள் சிரித்தாள். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. நான்தான் அழுத்திச் சாத்தினேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பாறையில் மோதிய வண்டியிலிருந்து இருவர் உடலையும் எடுக்க உங்கள் ஆட்கள் கஷ்டப்பட்டார்களாம். ஆமாம், தெரிந்துதான் ஏற்றினேன். தெரிந்துதான் வழி சொன்னேன். கோபத்தில் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவையாவது இறக்கியிருக்கலாமே என்கிறீர்கள். அவள் அறுபது கிலோதான் இருப்பாள், ஐயா. அதைக் குறைத்து வண்டிக்கு என்ன ஆகப்போகிறது?