கிருபாகரனுக்குக் கறுப்புக் கொடி

மஸ்தான்: ...கறுப்புத் துணி பையில கீதுல்லக்கா?

ஆக்னஸ்: கீது பாய். ரயில உட்டு எறங்கனதுலேந்து இதே கேள்வி.

மஸ்தான்: டப்பிங் சங்கத்துல நம்மள நம்பி அனுப்பிக்கிறாங்க. கிருபாகரன் மேடை ஏறுனதும் கொடி காட்டலன்னா நம்ம சங்க கார்டக் கிழிச்சிடுவாங்க.

ஆக்னஸ்: பதவி இல்லாம திருநின்றவூர்ல வாடகை ஊட்ல கீற மனுசன். இப்பத்தான் ஆவடில ஒரு பாராட்டு விழா வைக்கிறாங்க. அதுலயுமா...

மஸ்தான்: சேனலுக்குத் தலைவரா இருந்தப்ப இன்னா பண்ணாரு? நாலு சீரியல்ல மூணு நம்ம ஊர்லயே எடுத்ததா இருக்கணும்னு விதி போட்டாரு. எல்லா சேனலுக்கும் அதே விதி வேணும்னு டெல்லி வரிக்கும் போனாரு. வெளிநாட்டு சீரியலுக்குக் குரல் குடுத்துப் பொழச்ச நம்ம வயித்துல...

ஆக்னஸ்: அடிச்சாரு. அப்பறம் சோறு போட்டது யாரு?

மஸ்தான்: உனக்குப் போட்டாரு. சீரியல் மாமியாரு ஆயிட்ட. ரயில்ல கூட ஒரு பொண்ணு உன்கூட செல்ஃபி எடுத்திச்சே... நான்தான உன் பையப் புடிச்சிகினு நின்னேன்.

ஆக்னஸ்: இருட்டு ரூம்ல எவளோ வாயசைக்க நான் அழுதுகினு இருந்தேன் பாய். "உனக்கு மூஞ்சி இல்லியாம்மா"ன்னு கேட்டாரு பாரு... இன்னிக்கும் கண்ணு கலங்குது. உன்னயும்தான நடிக்கக் கூப்ட்டாரு?

மஸ்தான்: கேமரா முன்னாடி எதுக்க நிக்கிறவன் உதட்டயே பாத்துகினு கீறேன். அவன் வாயசைச்சா நான் பேசறேன். டைரக்டர் தொரத்திட்டாரு.

ஆக்னஸ்: சிரிக்க வைக்காத... அப்பறம்?

மஸ்தான்: அப்பறம் இன்னா... கிருபாகரன்தான் வசனம் எழுத உக்கார வச்சாரு.

ஆக்னஸ்: அப்ப உனக்கும்...

மஸ்தான்: சும்மா இரு அக்கா. அதோ வராரு. அந்த விதிய எடுத்துருன்னு மேல இருந்து சொன்னாங்களாம். வேலய உட்டாரு, விதிய உடல. பாரு, தல நிமிந்துதான் கீது.

ஆக்னஸ்: பாய்... கொடி காட்டித்தான் ஆவணுமா?

மஸ்தான்: பையத் தொற அக்கா.

ஆக்னஸ்: கோச்சுக்காத, இதுல... ஐயோ, பொட்டலத்தக் காணம் பாய்.

மஸ்தான்: இருக்காது. செல்ஃபி எடுத்தீங்களே, அப்பவே எடுத்து சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன். இந்நேரம் திருவள்ளூர் போயிருக்கும். அந்த மனுசனுக்குக் கறுப்புக் கொடி புடிக்க எனக்குக் கை வராதுக்கா. கார்டு போனாப் போவுது.

ஆக்னஸ்: அடப்பாவி... கறுப்புத் துணிய நான் ஊட்லயே போட்டுட்டு வந்துட்டேன். நீ தள்ளுன பொட்டலம் அவருக்குப் போத்த வாங்குன பட்டு சால்வை.

மஸ்தான்: ஐயோ, சால்வையா?

ஆக்னஸ்: இன்னா முழிக்கிற? ரெண்டு பேரு கையும் காலியாத்தான கீது. தட்டு.