மேல்தளத்தில் அறுபது பேர்

"ஹலோ... விமலு? கேக்குதாடா? அக்காதான். ஆமா, ஆமா, மலை தீபத்துக்குத்தான் கூட்டம். நீ போட்ட உத்திரம் அதிருதுடா."

செங்கம் சாலையில் இருக்கும் தன் விடுதியின் கூடத்தில் நின்றபடி மதிவதனி அண்ணாந்து பார்த்தாள். தம்பி விமல்ராஜ் போன மாசியில் இரும்புக்குப் பதிலாகப் போட்ட பைபர் பிளாஸ்டிக் உத்திரம் அது. மலையைப் பார்ப்பதற்கான மேல்தளம் முழுவதும் அதன் மேல்தான் நின்றது. உத்திரத்தில் தொங்கிய பல்பு ஆடிக்கொண்டே இருந்தது.

"சோதிச்சுதான் போட்டே, இல்லேங்கல. இருபது ஆளை லெப்ட் ரைட் போடவெச்சே... நிறுத்துனதும் நாலு எண்ணறதுக்குள்ள அடங்கிச்சு. ஆமா, ஆமா. இன்னிக்கி யாருடா லெப்ட் ரைட் போடறா? ஒருத்தரு உக்கார்றாரு, ஒருத்தரு எட்டிப் பாக்கறாரு, புள்ளைங்க ஓடுது. ஒரு அடி அடங்கறதுக்குள்ள இன்னொரு அடி விழுது... இரு, பாக்கறேன்."

ஸ்டூல் மேல் ஏறினாள். மத்தியானம் உத்திரத்துக்கும் அதன் கீழே நின்ற பீரோவுக்கும் நடுவே அவள் கை தாராளமாகப் போயிருந்தது.

"விரல் நுழையலடா... ஆமா, வளைஞ்சது நிமிர்றதுக்கு நேரமே கெடைக்கல. கொஞ்சங்கொஞ்சமா எறங்கிக்கினே இருக்கு... சொல்லாமலா? அஞ்சு மணிக்கே சொன்னேன். தீபம் பாக்காம எறங்க மாட்டாங்களாம்... ஒடையப் போவுதுன்னு கத்தவா? இருக்கறது ஒரே மாடிப்படி. அறுபது பேரும் அதுல விழுந்தா?... உங்க மாமாவா? நட்ட நடுவுல நிக்கறாரு. அவரு போன்லதான் பேசறேன், அவரை எப்படிக் கூப்புடறது?... நான் வெளிய போயி இன்னாடா பண்றது?"

மணி ஐந்து ஐம்பத்தெட்டு; ஆறுக்குத் தீபம். சுடரைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எம்பிக் குதிப்பார்கள் என்பதுதான் அவளுடைய பயமெல்லாம். கணவன் மணிவேலின் செருப்பு படியோரம் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் முழுக்க ஒரே குரலாக 'அரோகரா' எழுந்தது. பல்பு ஒருமுறை வேகமாக வீசி ஆடியது. மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மேலே ஒரு காலடிச் சத்தமும் இல்லை. பல்பின் ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றேவிட்டது.

"விமலு... நின்னுடுச்சிடா. கும்பிட்டுக்கினு அசையாம நிக்கறாங்க போல. இப்ப எறங்க ஆரம்பிச்சிடுவாங்க. ஒவ்வொருத்தரா அனுப்பவா? ஓரமா வரச் சொல்லவா? சீக்கிரம் சொல்லுடா... ஹலோ? விமலு?"

தீபம் தெரிந்ததும் ஊரே போனைக் கையில் எடுத்திருக்கும். லைன் போய்விட்டது.

தலைக்கு மேல் யாரோ ஒருவர் படியை நோக்கிக் காலை எடுத்து வைத்தார். பல்பு மெல்ல ஆடத் தொடங்கியது.