ஒரு பக்கம் சப்பையான வட்டம்

சோப்பைத் தண்ணீரில் ஊறவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அற்ப விஷயம்தான். ஆனால் எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று நீங்கள் சொன்னதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்காவும் அவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று அறை, ஒரு குளியலறை. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவள் வந்தது எனக்குச் சந்தோஷம். அத்தான், பாத்திரத்தோடு சேர்ந்து வருகிற கரி மாதிரி.

அவர் குளித்துவிட்டுப் போனால் சோப்பு கொழகொழவென்று தரையில் கிடக்கும். நெஞ்சு முடி மூன்று நான்கு அதில் சுருண்டு ஒட்டியிருக்கும். வாஷ்பேசினில் காறித் துப்புவார், குழாயைத் திறக்க மாட்டார். நான் பல் துலக்கப் போகும்போது மஞ்சள் சளி இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது எலும்பை உறிஞ்சிவிட்டு, பல்லிடுக்கில் விரலை விட்டு நோண்டி, வந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வாயில் போட்டுக்கொள்வார். ஒரு காலையில் என் தேநீர்க் கோப்பைக்குள் அவருடைய கால் நகத் துண்டுகள் கிடந்தன.

அக்காவிடம் சொன்னேன்.

"அவர் அப்படித்தான்டா. முப்பது வருஷமா கழுவிட்டு இருக்கேன், என் கை தேஞ்சா போச்சு?" என்று சிரித்தாள்.

வேறு வழியில்லாதவளின் சிரிப்பு அது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. சீழ், கோழை, மலம் எல்லாம் மூடி போட்ட புட்டிகளில் என் மேசைக்கு வரும். அருவருப்பாக இருக்காதா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இருக்காது. பாக்டீரியாவைப் போல ஒழுங்கான ஜீவனை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு செல். வெளியே கெட்டியான சுவர், அதை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு, உள்ளே வளையமாகச் சுருண்ட டி.என்.ஏ. என்கிற மரபிழை. நம் செல்களில் இருப்பதுபோல அந்த இழைக்கென்று தனி அறைகூடக் கிடையாது. குடல் இல்லை, பல் இல்லை, மூக்கு இல்லை. வேண்டாத புரதத்தைச் செய்து குவிக்காது. தேவை வந்தால் ஒரு மரபணுவை எழுப்பும். தேவை தீர்ந்தால் தூங்க வைத்துவிடும். நாற்றமெல்லாம் அது குடியிருக்கும் மனிதர்களிடம்தான்.

போன வருடம் அத்தானின் இடது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர். சோபாவில் உட்கார்ந்து ஊக்கால் அதைக் குத்திக் கிளறினார். வழிந்த சீழை விரலால் வழித்து சோபா உறையில் துடைத்தார். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன்.

"என்ன மச்சான், உன் லேபுக்கு வேணுமா? ஒரு டப்பா கொண்டா, நெறைய இருக்கு."

அக்கா தரையில் மண்டியிட்டு, முகம் துடைக்கும் துண்டால் அந்த விரலைத் துடைத்துவிட்டாள். அதே துண்டை அலசிக் கொடியில் போட்டாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

நாலு நாளில் கணுக்கால் வரை வீங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். சீழ் என் மேசைக்கு வந்தது. பென்சிலின் வகை மருந்து எதுவும் அந்தக் கிருமிக்குக் கேட்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக வார்டில் கொடுக்கிற மருந்து ஒன்று உண்டு. அது கேட்குமா என்பதை நான் சொல்ல வேண்டும்.

தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சிறிய காகித வில்லைகளை அதன்மேல் வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராது. தெளிவாக ஒரு வட்டம் விழும். அத்தானின் தட்டிலும் வட்டம் விழுந்திருந்தது. ஆனால் பக்கத்தில் வேறொரு மருந்தின் வில்லை இருந்த திசையில் அது சப்பையாக இருந்தது. அவசரக்காரன் அதைக் கவனிக்க மாட்டான். நான் கவனித்தேன்.

அதன் அர்த்தம் இதுதான். புரதம் கட்டுகிற ரைபோசோம் என்ற உறுப்பில்தான் மருந்து போய் ஒட்டும். அந்த இடத்தை மாற்றிவிடும் மரபணு ஒன்று இந்தக் கிருமிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மருந்தின் வாடை பட்ட பக்கம் அது விழித்துக்கொண்டது. இப்படிப்பட்ட கிருமிக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் இரண்டு நாள் அடங்கியிருப்பதுபோல் தெரியும். பிறகு பூட்டை மாற்றிய வீட்டுக்குப் பழைய சாவியோடு போன கதைதான்.

அறிக்கையில் கேட்கும் என்பதற்கு ஓர் எழுத்து, கேட்காது என்பதற்கு ஓர் எழுத்து. கேட்கும் என்று எழுதினேன்.

கிருமிகளுக்கு உணவு காய்ச்சித் தட்டில் ஊற்றுகிற அம்மா ஒருவர் எங்களிடம் உண்டு. சமையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சார், இந்த வட்டம் ஒரு பக்கம் சப்பையா இருக்கே?"

"வில்லை நகர்ந்திருக்கும்மா."

"நகர்ந்தா வட்டம் முழுசா நகரும். ஒரு பக்கம் மட்டுமா சப்பையாகும்?"

"நீங்க உங்க அடுப்பைப் பாருங்க."

கழிவில் போடுகிறேன் என்று தட்டை எடுத்துப் போனார். போடாமல் குளிர்பெட்டியில் வைத்திருந்தார் என்பது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில் அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தான் இரண்டு நாள் தெளிவாக இருந்தார். மூன்றாம் நாள் வார்டு டாக்டர் போனில், "மருந்து கேட்டமாதிரி தெரியலையே சார், இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்றார். பார்க்கலாம் என்றேன். வந்த மாதிரியில் வேறு கிருமி கலந்துவிட்டது, திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்று எழுதினேன். அதில் மூன்று நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் அத்தான் இறந்தார். சர்க்கரை முற்றிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் வீட்டுக்குப் போய் வாஷ்பேசினைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

அக்காவுக்கு இனி நிம்மதி என்று நினைத்தேன். அவளோ அழுதுகொண்டே இருந்தாள். மூக்கைச் சிந்தி உடையிலேயே துடைத்தாள். முன்பெல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். "அவர் துப்புற சத்தம் கேக்காம வீடே செத்துக் கிடக்குடா" என்றாள்.

அத்தானுக்குக் கட்டு மாற்றியவள் அவள்தான். அவள் ஆள்காட்டி விரலில் கத்திக் கீறல் ஒன்று இருந்தது. அது சிவந்து, வீங்கி, பழுத்தது. புட்டியை எடுத்துக்கொண்டு அவளே லேப் ஜன்னலுக்கு வந்தாள்.

"டாக்டர் குடுக்கச் சொன்னார்டா. நீ பார்த்தா சரியா இருக்கும்."

"வச்சுட்டுப் போக்கா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

மறுநாள் தட்டைத் திறந்தேன். அதே கிருமி. அதே திசையில் சப்பை.

உண்மையை எழுதியிருக்கலாம்தான். எழுதினால், ஒரே வீடு, ஒரே கிருமி, முடிவு மட்டும் எப்படி இரண்டு விதம் என்று வார்டு டாக்டர் கேட்பார். பழைய அறிக்கையைத் தோண்டுவார்கள். அக்காவுக்குத் தெரிந்துபோகும். தான் வளர்த்த தம்பி இப்படிச் செய்தான் என்பதை அவள் எப்படித் தாங்குவாள்? அந்த வேதனை அவளுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். கேட்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விரல், பிறகு கை, பிறகு ரத்தம். பதினோரு நாள். தினமும் வார்டு வாசல் வரை போய் நின்றேன். உள்ளே அதே சீழ் நாற்றம். இரண்டு முறை அவள் கையை அசைத்துக் கூப்பிட்டாள். லேபில் வேலை இருக்கிறது என்று சைகை காட்டினேன்.

இரண்டையும் நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் அவளுக்காகத்தான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசி நாள் நர்ஸ் வெளியே வந்து, "நீங்க தம்பிதானே? கண்ணு திறந்தே இருக்கு. உங்க கையால மூடிவிடுங்க" என்றார். அக்காவின் மேல் எனக்கிருந்த பாசத்தை அளக்க ஆள் கிடையாது. இரண்டு ஜோடி கையுறை கேட்டு வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.