கழுத்தைப் பார்த்து எழுதிய வார்த்தை

— நக்கோம்மா, இப்போ இல்லை, இன்னைக்கு வித்து முடிஞ்சாச்சு. பெட்டியும் கட்டியாச்சு. படம் வேணும்னா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாங்க. இதே பள்ளிக்கூடத்து வராந்தாவுலதான் மேசை போட்டிருப்போம்.

— வாங்க வரலீங்க. நான்தான் அந்தப் படம்.

— என்னது?

— மேலாப்புல வச்சிருக்கீங்களே, அந்த அட்டைதான். இடிஞ்ச செவுத்துக்கு முன்னால ஒருத்தி மடியில புள்ளையைப் போட்டுக்கினு குந்தியிருக்கா பாருங்க. அது நான்.

— கர்த்தரே! ஹவ், ஆமா, அதே முகம்தான். உக்காருங்கம்மா. பெஞ்சைத் தட்டிட்டு உக்காருங்க, ஒரே தூசி. எங்கேயிருந்து வாரீங்க?

— மெட்டுகுடாவுலருந்து. ரயில்வே குவார்ட்டர்ஸ். எம் பேரு அன்னக்கிளி. வெள்ளத்தைப் படம் புடிச்ச தனசிங் ஐயா நீங்கதானே?

— நாந்தான். நடந்தா வந்தீங்க, இந்த வெயில்ல? தண்ணி குடிக்கீங்களா?

— வேணாங்க. வந்ததைச் சொல்லிட்டுப் போயிடறேன். அந்தப் படத்தை இனிமே விக்காதீங்க.

— ஏம்மா, காலையிலேருந்து நின்னு நின்னு காலு ரெண்டும் மரத்துப் போச்சு எனக்கு. சண்டை போடுததா இருந்தா உக்காந்தே போடுவோம். படத்துல என்ன குத்தம்? நீங்க லட்சணமா... நல்லாத்தானே விழுந்திருக்கீங்க.

— படத்துல இல்லீங்க குத்தம். கீழ இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கீங்களே, அதுல. எங்க லைன்ல டிக்கெட் கலெக்டர் சூசைராஜ் படிச்சுக் காட்டினாரு. விடோன்னு போட்டிருக்காமே. விடோன்னா தாலியறுத்தவளாமே.

— ஹவ். மூசி ஆத்து வெள்ளத்துல புருஷனைப் பறிகுடுத்தவ... அந்த அர்த்தத்துலதான்.

— எம் புருஷன் உயிரோட இருக்காரு ஐயா. எஞ்சின்ல கரி தள்ற வேலை அவருக்கு. வெள்ளம் வந்த ராவுல வாடி ஜங்ஷன் பக்கம் போன வண்டியில இருந்தாரு. நான் கோல்சாவாடியில, ஆத்தோரமா எங்க அக்கா வூட்டுல இருந்தேன். தண்ணி பூந்தது எங்களைத்தான். அவரு மேல ஒரு சொட்டு படலை.

— அவரு பேரு என்ன?

— அய்ய, பேரை எப்படிச் சொல்றது? சிதம்பரத்துல ஆடறாரே, அவரு பேருதான்.

— நடராஜனா?

— அவரேதான். கொஞ்சம் வேற மாதிரி.

— நடேசன்.

— ம்.

— நல்லா இருக்கட்டும்மா மனுஷன். நான் வேணும்னு எழுதலை. விடியக்காலம் கேமராவைத் தூக்கிட்டுப் போனேன். முழங்கால் மட்டும் சேறு, ஊரு முழுக்க நாத்தம். நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. கழுத்தைப் பாத்தேன், வெறுங்கழுத்தா இருந்துது. தமிழன் கண்ணு வேற எங்க போகும், சொல்லுங்க? வெள்ளைக்காரன் எவனாச்சும் புடிச்சிருந்தா ‘ஒரு பொம்பளை’ன்னு எழுதிட்டுப் போயிருப்பான். அவனுக்குக் கழுத்தும் தெரியாது, கயிறும் தெரியாது.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— என்னன்னு கேக்க? உன் புருஷன் செத்துட்டானாம்மான்னா?

— அதைக் கேக்க மனசு வரலை. எழுத மட்டும் வந்துச்சா?

— சரி, திட்டுங்க. இன்னைக்கு எல்லாரும் திட்டியாச்சு. விலை ஜாஸ்தின்னு ஒருத்தி, கலர் இல்லையான்னு ஒருத்தி. நீங்களும் திட்டிக்கிடுங்க.

— திட்ட எனக்குத் தெம்பில்லீங்க. எங்க மாமியா என்னை வூட்டை வுட்டு வெளிய அனுப்பிட்டாங்க.

— எதுக்கு?

— இதுக்குத்தான். ‘எம் புள்ளை நெருப்பு முன்னால நிக்கிறவன், அவன் செத்துட்டான்னு ஊரெல்லாம் அட்டை போட்டு விக்கிறானுங்க, நீ பல்லைக் காட்டிக்கினு படத்துக்குக் குந்தியிருக்க’ன்னு பேசாத பேச்செல்லாம் பேசினாங்க. போன வாரம் அவரு கையைச் சுட்டுக்கினு வந்தாரு. அவ்ளோதான். ‘போனது போதாதா, இவனையும் வாரிக் குடுக்கணுமா, அந்த அட்டை விக்கிறது நிக்கிற வரைக்கும் வாசப்படி மிதிக்காத’ன்னுட்டாங்க. பக்கத்து வூட்டு லூர்துமேரிதான் படுக்க எடம் குடுத்திருக்கா.

— நடேசன் ஒண்ணும் சொல்லலியா?

— அவரு இன்னா சொல்லுவாரு? பெத்தவளா பொண்டாட்டியான்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு ட்யூட்டிக்குப் போயிடறாரு. ஐயா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த லூர்துமேரி உங்க கோயிலுக்குத்தான் காய்கறி கொண்டாறா. அவ வந்து உங்ககிட்ட சொல்லலை?

— சொன்னா.

— எப்போ?

— அது ஆச்சு, ரொம்ப நாளாச்சு.

— அவரு உயிரோட இருக்கார்னு சொன்னாளா இல்லியா?

— சொன்னா. அப்புறமும் வித்தேன். போதுமா?

— ஏன் ஐயா?

— ஏன்னா? வெள்ளத்துல தப்பினவங்களுக்கு ஊத்துற கஞ்சித் தொட்டி எதுல ஓடுதுன்னு நினைக்கீங்க? பாதிரியார் எல்லார்கிட்டயும் கையேந்திப் பாத்தாச்சு. முதல் வாரம் குடுத்தாங்க, ரெண்டாவது வாரம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம்தான் படம் போடலாம்னு நான் சொன்னேன். உடைஞ்ச பாலம், சாஞ்ச மசூதி, மிதந்த கட்டிலு, எல்லாம் போட்டேன். ஒருத்தன் தொடலை. உங்க படத்தைப் போட்டதும் கன்டோன்மென்ட் துரைசானிங்க போட்டி போட்டுட்டு வாங்குதாங்க. ‘பாவம் விடோ, பாவம் அந்தக் குழந்தை, எவ்வளவு நிம்மதியா தூங்குது’ங்காங்க. அரிசி அதுலதான் வருது. நான் ஒரு காசு தொட்டதில்லை. கண்ணாடித் தகடு என்னுது, காகிதம் என்னுது, மருந்து என்னுது.

— நீங்க தொட்டீங்கன்னு நான் சொல்லலியே. அந்தக் கஞ்சியை நானும்தான் வாங்கிக் குடிச்சேன். இன்னிக்குக் காலையில கூடக் குடிச்சேன்.

— அப்போ உங்களுக்கே தெரியுதுல்ல.

— தெரியுது. ஐயா, இருக்கிற துக்கமே மலை மாதிரி குவிஞ்சு கிடக்குது அந்த ஊர்ல. அதை வித்திருக்கலாமே. இல்லாத துக்கத்தை இன்னாத்துக்கு வித்தீங்க?

— வாங்குறவங்க அதைத்தான் கேக்காங்கம்மா! நான் என்ன செய்ய? நடந்தது நடந்தபடி எழுதினா, ‘ஓ, அப்படியா’ன்னு வச்சிட்டுப் போயிருதாங்க. எனக்கு மட்டும் ஆசையா? நானும் மனுஷன்தான்.

— உங்களை மனுஷன் இல்லன்னு யாரு சொன்னாங்க? மனுஷன்னு நெனைச்சுத்தான் இவ்ளோ தூரம் நடந்து வந்தேன்.

— அன்னைக்குத் தாலி எங்க போச்சும்மா?

— எங்க அக்காகிட்ட போச்சு.

— புரியலியே.

— கூரை மேல ஏறினோம். கூரையே நவுந்துச்சு. அவ சறுக்கி வுழுந்தா. புடிக்கறதுக்கு ஒண்ணும் கெடைக்கலை அவளுக்கு, எங் கழுத்தைத்தான் புடிச்சா. நான் ஒரு கையில புள்ளையை வச்சிருந்தேன், ஒரு கையில மரம். கயிறு அறுந்து அவ கையோட போயிடுச்சு. அவளும் போயிட்டா.

— ஐயோ.

— அவரு வந்தன்னிக்கே மஞ்சக் கெழங்குத் துண்டை நூல்ல கோத்துக் கட்டிட்டாரு. இதோ, பாருங்க. பொன்னு பின்னால பார்த்துக்கலாம்னாரு. இது இருந்தும் என்னை எல்லாரும் இங்கிலீஷ்ல அறுத்தவளுன்றாங்க.

— போதும்மா, மூடிக்கிடுங்க. எனக்குக் காட்டணும்னு இல்லை. தப்பு என்னுதுதான். ஞாயித்துக்கிழமை அந்த அட்டை மேசையில இருக்காது.

— அப்போ கஞ்சித் தொட்டி?

— அதை ஏன் நீங்க கேக்கீங்க?

— நாளைக்கும் நான்தானே போய் வரிசையில நிக்கணும். என்னால நின்னுச்சுன்னா அங்க இருக்கிறவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

— நீங்க ஒரு பொம்பளை... விக்காதேங்கீங்க, விக்காம இருக்காதேங்கீங்க.

— விக்கவே வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். நடந்து வரசொல்ல யோசிச்சேன். படம் போகட்டும். அந்த வார்த்தை போனா எங்க மாமியா சேர்த்துக்குவாங்க. சூசைராஜை வச்சுப் படிக்கச் சொன்னா ஒத்துக்குவாங்க. அட்டையில எழுதினதை அழிக்க முடியுங்களா?

— அட்டையில எழுதுறதில்லைம்மா. கண்ணாடித் தகட்டு மேலேயே மசியால எழுதுவேன், வலது இடமாத் திருப்பி, கண்ணாடியில தெரியுற மாதிரி. வெயில்ல வச்சு அச்செடுத்தா நேரா வெள்ளையா விழும். தகட்டைச் சுரண்டினா இனிமே எடுக்குற எல்லாத்துலயும் போயிரும். வித்துப் போனதை ஒண்ணும் செய்ய முடியாது.

— போனது போகட்டும். இனிமே வரதுல இல்லாம இருந்தா சரி.

— விடோன்னு இல்லாம அந்த துரைசானிங்க வாங்குவாங்களோ என்னவோ. வாங்கலைன்னா வேற வழி பாக்கேன். போதும், நானும் ஓஞ்சுட்டேன். ஆமா, புள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க? லூர்துமேரிகிட்டயா? இருங்க, டப்பாப் பாலு வந்திருக்கு, ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

— பால் வேணாங்க.

— கைக்கு, ஏன் வேணாம்? எல்லாத் தாய்மாருக்கும்தான் குடுக்கோம். கூச்சப்படாதீங்க.

— வேற யாருக்கனா குடுங்க. அந்தச் சுரண்டற சங்கதியை முடிங்க, நான் பொழுதோட போவணும்.

— சரி, சரி. தகடு இங்கதான் இருக்கு. கத்தியை எடுக்கேன். நீங்க கண்ணால பாத்துட்டே போங்க. எழுத்து மொத்தத்தையும் எடுத்துடுதேன். பேரும் வேணாம், ஊரும் வேணாம், வெறும் படமா இருக்கட்டும்.

— மொத்தமும் வேணாங்க!

— ஏன்? இப்போதானே அழிக்கச் சொன்னீங்க?

— விடோவை மட்டும். பக்கத்துல இன்னொண்ணு எழுதியிருக்கீங்களாமே. புள்ளை தூங்குதுன்னு.

— ஹவ், ‘தூங்கும் குழந்தையும்’னு சேர்த்து எழுதியிருக்கேன். அதுல என்னம்மா இருக்கு, அது பாட்டுக்குப் போகட்டுமே.

— நீங்க படம் புடிக்க வரதுக்கு முன்னாலயே அதுக்கு மூச்சு நின்னுடுச்சு ஐயா. அவங்கப்பாரு வரதுக்குள்ள மண்ணுல வச்சுட்டோம், அவரு மொகம் பாக்கலை. சூசைராஜ் அட்டையைப் படிக்கசொல்ல அவரும் பக்கத்துல நின்னாரு. விடோன்னு படிச்சப்ப ஒண்ணும் பேசலை. புள்ளை தூங்குதுன்னு படிச்சதும் அட்டையை வாங்கி சட்டைக்குள்ள வச்சுக்கினாரு. அதை மட்டும் சுரண்டாதீங்க.