வின்சன்டின்ர பார்

இல்லைப் பிள்ளை, அந்த வாங்கில இருக்காதைங்கோ. இன்னும் கொஞ்சத்தில வெயில் அங்கதான் விழும். இஞ்சால வாங்கோ. கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில வந்தனீங்கள் என்ன, கண் சிவந்துபோய்க் கிடக்கு. பிளேன்ரீ குடிச்சனீங்களோ?

கதைக்கக்கூடாதோ? ஓம், தெரியும். நீங்களும் சாட்சி, நானும் சாட்சி. சரி, நீங்கள் கதைக்காதைங்கோ. நான் கதைக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ.

நீங்கள்தானே றினோஸா? பொலிஸ் ஐயா சொன்னவர், கொழும்பில ஒரு சொப்ட்வெயார்க் கொம்பனி இருக்கு, போனிலயும் மிசினிலயும் அழிச்சதெல்லாத்தையும் திரும்ப எடுத்துத் தருவினம், அங்கயிருந்து ஒரு பிள்ளை வரும் எண்டு. நான் மீசை வச்ச ஆரோ வரப்போயினம் எண்டு நினைச்சனான். சிரிக்காதைங்கோ, கோட்டு வாசல்.

நான் றஞ்சினி. செத்துப்போன வின்சன்டின்ர மனுசி. பேசாலையில தமிழ் படிப்பிக்கிறன். ஒண்டைச் சொல்லி முடிக்காமல் மற்றதுக்குப் போறது எனக்குப் பழக்கமில்லை, அதால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ.

முதல் ஒரு விசயம். கூண்டில ஏறப்போறவன்ர லோயர் உங்களிட்டக் கேப்பார், உங்கட கொம்பனியின்ர சொப்ட்வெயார் பிழை விடாதோ எண்டு. நீங்கள் படிச்ச பிள்ளை, இருக்கலாம் எண்டு மரியாதையாச் சொல்லிப்போடுவீங்கள். அந்த இருக்கலாமை இந்த வாங்கில வச்சிட்டு உள்ளுக்குப் போங்கோ. கண்டதைக் கண்டது எண்டு சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மிச்சத்தை நான் பாப்பன்.

சண்டை முடிஞ்ச பிறகுதான் நாங்கள் இந்தியாவில மண்டபம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்தனாங்கள். வந்து பாத்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, கிணத்தில வாளிகூட இல்லை. ஒரு நிறுவனம் வந்து, திரும்பி வந்த தொழிலாளியள் எல்லாருக்கும் கடலில இடம் பாக்கிற ஜிபிஎஸ் குடுத்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஆருக்கு எந்த மிசின் எண்டு கேக்கவும் இப்ப வழியில்லை, அவை கந்தோரை மூடிக்கொண்டு போட்டினம். இதை மனசில வச்சிருங்கோ.

எங்கட கடலுக்கடியில அங்கங்க கல்லுத் திட்டுக் கிடக்கு. பார் எண்டு சொல்லுறது. கலவாய் மீன் அங்கதான் கிடக்கும். நல்ல பார் ஒண்டைக் கண்டுபிடிச்சவன் பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டான். அந்த இடத்தை மிசினில குறிச்சு, மற்றவனுக்கு விளங்காத மாதிரி ஒரு பேர் போட்டு வைப்பான். முக்கால்வாசிப் பேர் புனிதர்மாற்ற பேர்தான். எங்கட கரையில அந்தோனியாருக்கு எத்தினை பார் இருக்கு எண்டு அந்தோனியாருக்கே தெரியாது.

என்ர மனிசன் ஒரு பார் கண்டுபிடிச்சவர். நீச்சல்காரன், மூச்சடக்கி இறங்கிப் பாத்தவர். அந்தப் பாரால எங்கட வீட்டுக் கூரைக்கு ஓடு வந்தது.

பிறகு ஒருநாள் விடியப்பறம் போனவர் வரேல்லை. அவற்ற வள்ளம் ஆளில்லாமல் தலைமன்னார்ப் பக்கம் மிதந்துகொண்டு நிண்டது. உடம்பும் அங்காலதான் ஒதுங்கினது. பின்மண்டையில காயம். வள்ளத்தில அடிபட்டிருக்கும் எண்டு எழுதினவை. கடல் எண்டால் அப்பிடித்தானே எண்டு ஊர் சொன்னது. நானும் அழுது முடிச்சன். வள்ளத்தில ஜிபிஎஸ் இருக்கேல்லை. அதையும் கடல் கொண்டுபோட்டுது எண்டுதான் நினைச்சன்.

நான் எப்ப முழிச்சன் தெரியுமோ? முப்பத்தோராம் நாள் பூசைக்கு. உங்கட முஸ்லிம் ஆக்கள் நாப்பதுக்குச் செய்யிறவை என்ன, எங்களுக்கு முப்பத்தொண்டு. பூசை முடிய ஊருக்குச் சோறு குடுக்கிறது. அண்டைக்குக் கறிக்கு மீன் கொண்டுவந்தவன் கொன்ஸ்ரன்ரைன். ஓம், இண்டைக்குக் கூண்டில ஏறப்போற அதே கொன்ஸ்ரன்ரைன்தான். பெட்டியைத் திறந்து பாக்கிறன், முழுக்கக் கலவாய். அவன் வலைகாரன், பிள்ளை. வாழ்நாளில தூண்டில் பிடிச்சுக் கலவாய் கொண்டுவந்தவன் இல்லை. பார் தெரியாதவனுக்குக் கலவாய் இல்லை. என்ர மனிசன்ர பாரில பிடிச்ச மீனை என்ர மனிசன்ர முப்பத்தொண்டுக்குக் கொண்டுவந்து என்ர கையில தாறான்.

நானோ? வெட்டினன். கழுவினன். தூள் போட்டுக் காய்ச்சினன். அவனுக்கு நடுத்துண்டு வச்சு நான்தான் பரிமாறினன். நல்லாச் சாப்பிட்டவன். அண்டைக்கே கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் மிசின் கடலுக்குள்ள போயிருக்கும்.

அது எங்க கிடக்கு எண்டு பொலிசுக்குச் சொன்னது நான்தான். பெயர் போடாமல். அவன்ர வீட்டு அலுமாரிக்கு மேல, நத்தாருக்கு யேசுபாலன் குடில் கட்டுற சாமான் பெட்டிக்குள்ள. எப்பிடித் தெரியுமோ? நான் அந்த வீட்டுக்குப் போய்வாறனான். சரி, அதை விடுங்கோ.

பிறகுதான் மிசின் கோட்டுக் கட்டளையோட உங்கட கொம்பனிக்கு வந்தது. மிசின் தான் போய்வாற பாதையை எழுதி வைக்குமாம், நீங்கள் எடுத்த அந்தப் பாதையைப் பொலிஸ் ஐயா வாயாலதான் எனக்குச் சொன்னவர். பாரில இருந்து மிசின் நேர கரையில இருக்கிற அவன்ர வலை வாடிக்கு வந்திருக்கு. வள்ளம் காத்தோட ஒரு பக்கம், மிசின் எஞ்சின் வேகத்தில இன்னொரு பக்கம். அந்த ஒரே விடியக் காலமை. அப்ப என்ர மனிசன் எங்க? தண்ணிக்குள்ள.

அந்தப் பாதையை அவன் அழிச்சவன்தான். அழிச்சால் பேர்தான் போகும், அதுக்கு மேல புதுசா எழுதப்படும் வரைக்கும் பாதை உள்ளுக்குக் கிடக்கும் எண்டு நீங்கள் சொன்னீங்களாம். அவன் ஏன் மேல எழுதேல்லை? நான் சொல்லுறன். என்ர மனிசன் வீட்டுக்கு வந்துதான் பாதையை அழிக்கிறவர். அவன் பாருக்குப் போகேக்க பாதை எழுதுறதை நிப்பாட்டிப்போட்டுத்தான் போவான். இல்லாட்டி ஆரும் மிசினைக் களவெடுத்து அந்தப் பாதையிலயே பாருக்குப் போயிடுவான் எல்லோ. மற்றவனுக்குப் பயந்து நிப்பாட்டினவன். அதாலதான் உங்கட கையில வந்தவன். மிசினைக் கடலில எறிஞ்சிருந்தால் வழக்கே இல்லை. ஆனால் பாருக்காகக் கொலை செய்தவன் பார் கிடக்கிற மிசினை எறிவானோ? நினைச்சு நினைச்சு எத்தினை நாள் சிரிச்சிருப்பன் நான்.

பாரைக் குறிச்சதுகளையும் அவன் தொடேல்லை. பேர் மாத்தப்போய்க் கைதவறி அழிஞ்சிடும் எண்ட பயம்.

இப்ப லோயரின்ர கதை இதுதான். அது கொன்ஸ்ரன்ரைன்ர மிசின், அந்தப் பாதை அவன்ர பாதை, அவன் தன்ர தொழிலுக்குப் போய்த் திரும்பி வந்தவன். அது வின்சன்டின்ர மிசின் எண்டு ஆர் சொல்லுறது? அதில பேர் எழுதியில்லை. நீங்களும் சொல்லேலாது. உங்கட சொப்ட்வெயாருக்கு ஆளைத் தெரியாது.

என்ர மனிசன் பாருக்குப் புனிதர் பேர் போடுறேல்லை. வீட்டில நான் அவரை ஏசுறதைத்தான் போட்டவர். பழிவாங்குறாராம். உப்பு அள்ளாத எண்டு ஒரு பார். சத்தம் போடாத. நனைஞ்ச சாரத்தை மாத்து. அந்தப் பெரிய பாருக்குப் பேர் கால் கழுவு. கடலால வந்து மணலோட விறாந்தையில ஏறுவார், நான் கத்துவன். கத்து கத்து, அதில கலவாய் பிடிச்சுக்கொண்டு வாறன் எண்டு சொல்லுவார்.

ஏன் முகம் மாறுது? ரோட்டைப் பாருங்கோ பிள்ளை. ஓம், நீங்கள் வாசிச்ச அதே பேருகள்தான். எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை. என்ர வாக்குமூலத்திலயும் இல்லை. மிசினைக் கோட்டில காட்டினால் ஆற்ற மிசின் எண்டு சொல்லுறன் எண்டு மட்டும்தான் பொலிசில சொன்னனான். முதலே சொல்லியிருந்தால் அவன்ர லோயருக்கு வேற கதை கட்ட நேரம் கிடைச்சிருக்கும். அது என்ர மிசின் எண்டு அவன் கூண்டில நிண்டு, கோட்டுக்கு முன்னால, சனத்துக்கு முன்னால சொல்லவேணும். போன தவணை சொல்லிப்போட்டான். எழுதியும் வச்சாச்சு. இனித் திரும்பேலாது.

மன்னிக்கிறதோ? எங்கட பங்குச் சுவாமியும் வீடு தேடி வந்து கேட்டவர். தீர்ப்பு வரட்டும் சுவாமி, பிறகு ஆறுதலா இருந்து மன்னிக்கிறன் எண்டு சொல்லித் தேத்தண்ணி குடுத்து அனுப்பினன்.

அங்க மரத்தடியில நிக்கிறவையோ? அவனுக்காக வந்த சனம். பாருங்கோ, என்னைப் பாத்துச் சிரிக்கினம். அந்தச் சேலை கட்டின மனுசி எனக்கு இடியப்பம் கொண்டுவந்திருக்கிறா. ஓம், எனக்குத்தான். ஏன் எண்டு கேக்கிறீங்கள், கேக்கத்தான் வேணும்.

பொறுங்கோ, ஜெயில் பஸ் வந்திட்டுது. வவுனியாவில இருந்து கொண்டுவாறவை. முதல் இறங்குறவன் இல்லை. ரெண்டாவதும் இல்லை. அந்த வெள்ளைச் சேட். மடிப்பு நல்லா நிக்குது என்ன? நான்தான் அயன் பண்ணிக் குடுத்துவிட்டனான்.

அவன் என்ர தம்பி, பிள்ளை. கூடப்பிறந்தவன் எண்டு எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய ஜெயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போறனான். போன கிழமை கம்பிக்குள்ளால கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவன். அக்கா, நீங்கள் அந்த மிசினைத் தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நான் வெளியில வந்திடுவன் எண்டு. ஓமடா, சொல்லுறன், நீ வடிவாச் சாப்பிடு எண்டன். லோயரும் அதை நம்பி வேற சாட்சி ஒண்டும் கூப்பிடேல்லை. என்னை மட்டும்தான் நம்பி நிக்கினம்.

பாருங்கோ, என்னைக் கண்டிட்டான். விலங்கோட கை காட்டுறான். கொஞ்சம் தள்ளுங்கோ பிள்ளை, நானும் ஒருக்காக் கை காட்டிப்போட்டு வாறன்.